மோப்ப உணர்வு திரும்புமா?



சரீர அவயவங்களைப் பற்றி எழுதும் பவுல் அப்போஸ்தலன் மோப்பத்தையும் மறவாமல் குறிப்பிடுகிறார் (1 கொரி. 12:17). அதை இழந்தவர் கெட்டுப்போன உணவையும் சமையல் வாயுக் கசிவையும் அறியமாட்டார்.

ஆனாலும் நம்பிக்கை உண்டு. மூக்கின் உச்சியிலுள்ள மோப்ப நரம்பணுக்கள் அழிந்தாலும், அவற்றின் அடியிலுள்ள மூல அணுக்களிலிருந்து புதியவை தோன்றும்படி சிருஷ்டிகர் அமைத்திருக்கிறார். 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் குழுவினர், ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு வாசனைகளை தினமும் இருவேளை, 12 வாரம் முகரச் செய்தனர். சிலருக்கு உணர்வு மேம்பட்டது. 2019-இல் மூல அணுக்களை மூக்கினுள் செலுத்தியபோது சுண்டெலிகளுக்கு ஓரளவு மோப்பம் திரும்பியது. மனிதருக்கு இது இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையல்ல. ஆகவே அதன் பேரில் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

பொறுமையோடு பயிற்சி செய்வோருக்காக ஜெபியுங்கள்.