எந்தப் பூட்டு சைக்கிளைக் காக்கும்?

கேள்வி: சைக்கிள் திருடு போகாமல் இருக்க எந்தப் பூட்டு நல்லது? அலாரம் பயன்படுமா?

பதில்: பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கிடையே நுழையும் வளையப் பூட்டு, சைக்கிளை ஓட்டிச் செல்வதை மட்டுமே தடுக்கும், தூக்கிச் செல்வதைத் தடுக்காது. எனவே, அசையாத ஒன்றுடன் சைக்கிளைப் பிணைக்கும் இரண்டாவது பூட்டு தேவை.

கேபிள் பூட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை மெல்லிய கம்பிப் புரிகள். கட்டர் அவற்றை எளிதில் நறுக்கிவிடும். கடினமாக்கப்பட்ட எஃகாலான தடித்த சங்கிலியும் யு வடிவப் பூட்டும் அதைவிட உறுதியானவை. ஆனால் பேட்டரியில் ஓடும் கிரைண்டருக்கு இவையும் நெடுநேரம் தாங்காது.

பூட்டும் முறையும் முக்கியம். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, தரையில் ஊன்றிய கம்பத்தோடு பூட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோய்விடலாம். யு பூட்டுக்குள் காலியிடம் குறைவாக இருந்தால் நெம்புகோல் நுழையாது. பூட்டு தரையில் படாமல் இருப்பதும் நல்லது. தரையில் கிடந்தால் சுத்தியலால் அடித்து உடைப்பது எளிது.

அலாரத்தில் உள்ள உணரி, அசைவை அறிந்ததும் ஒலி எழுப்பும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் அதனால் பயன். அது பூட்டுக்கு மாற்றாகாது.

பெடல் அச்சு பொருந்தும் இடத்தின் அடியில் பெரும்பாலும் ஃபிரேம் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் ரசீதையும் படமெடுத்து வைத்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் தரவும் மீட்கப்பட்ட சைக்கிளை அடையாளம் காட்டவும் உதவும்.