ஜப்பானுக்கு முதல் பயணமா? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்

கம்பெனி உங்களைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்புகிறதா? வாழ்த்துகள். ரோபோக்களையும் ஷின்கான்சென் ரயிலையும் யூடியூபிலேயே பார்த்துவிடலாம். அங்கே போனால்தான் பிடிபடுவது, அவற்றை இயக்கும் மனிதர்களின் வேலைப் பழக்கம். அதற்குத் தயாராகக் கிளம்புங்கள்.

பெட்டி கட்டும்போது

அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக்குக்கு இரண்டு தட்டைக் கால்கள். சார்ஜரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். நம்மூர் ரைஸ் குக்கர் வேண்டாம், சரியாகச் சூடேறாது. சளி மாத்திரையின் அட்டையைப் படித்துப் பாருங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மிசோ சூப்பையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். அதில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 9 மணி மீட்டிங் என்றால் உங்கள் உடம்புக்கு அது விடிகாலை 5.30. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

முதல் சந்திப்பு

விசிட்டிங் கார்டை எழுந்து நின்று, எழுத்து எதிரே நிற்பவர் பக்கம் இருக்கும்படி, இரண்டு கைகளாலும் கொடுங்கள். அவருடையதையும் அப்படியே வாங்கிப் பெயரைப் படியுங்கள். சட்டைப்பையில் திணிக்காதீர்கள், மீட்டிங் முடியும்வரை மேசைமேல் இருக்கட்டும். நம் பக்கவாட்டுத் தலையாட்டல் அங்கே குழப்பும். வாயால் பதில் சொல்லுங்கள். அவர் ‘ஹாய்’ (ஆம்) என்றால் பல நேரம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் பொருள். சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள்.

வேலையில்

‘ஹோரென்சோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். நிலவரத்தைச் சொல், தகவலைப் பகிர், ஆலோசனை கேள் என்ற மூன்றின் சுருக்கம் அது. வேலை தாமதமாகும் என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லுங்கள். ‘எப்படியாவது வெள்ளிக்குள் முடித்துவிடலாம்’ என்று மூடி வைத்தால், போவது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. புரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்க நேராது.

கட்டாயம் பாருங்கள்

உள்ளூர் ரயிலில் முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறைக் கண்ணாடியருகே நில்லுங்கள். ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட விரலை சிக்னலை நோக்கி நீட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு சிக்னலுக்கும் சொல்வார். ‘ஷிசா கான்கோ’ என்று இதற்குப் பெயர். கண் பார்த்ததைக் கையும் வாயும் காதும் சேர்ந்து சரிபார்ப்பதால், பழக்கதோஷத்தில் வரும் தவறு குறைகிறது. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

இப்படி நாளுக்கு ஒன்றைக் கண்டு, தினமும் இரவு நோட்டில் எழுதுங்கள். ஊர் திரும்பியதும் அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் டீமில் மறுநாளே தொடங்குங்கள். கம்பெனி உங்களை அனுப்பியது அதற்காகத்தான்.