தனி பாஸ் பதியப் போகிறவருக்கு



டபுள் பாஸ் ஒன்றை மட்டும் வைத்து ஒரு ஃப்ரீ ஜாஸ் ஆல்பம் போட நினைக்கிறீர்கள். ஒலிக்கூடத்துக்கு முன்பணம் கட்டும் முன் பாஸ் கலைஞர் பார் ஃபிலிப்ஸின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1934-இல் பிறந்த ஃபிலிப்ஸ், 1968 நவம்பரில் லண்டன் தேவாலயம் ஒன்றுக்குள் பாஸைத் தூக்கிக்கொண்டு போனபோது, தனி ஆல்பம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. மாக்ஸ் ஷூபெல் என்ற இசையமைப்பாளர் தம் மின்னணுப் படைப்புக்காக பாஸ் ஒலிகள் கேட்டிருந்தார். அதற்கான கச்சாப் பொருளைத்தான் ஃபிலிப்ஸ் வாசித்துக் கொடுத்தார். கேட்டுப் பார்த்த ஷூபெல், இதை அப்படியே வெளியிடலாம் என்றார். அதுவே 'ஜர்னல் வயலோன்' ஆனது. தனி பாஸ் ஆல்பங்களில் முதலாவது என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுதான்.

ஆல்பம் போடுகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பயின்ற வித்தை அத்தனையும் முதல் மூன்று நிமிடத்துக்குள் வந்து விழும். அப்புறம் மீதி நாற்பது நிமிடத்துக்கு என்ன செய்வது? தாளக்கருவிக்காரரும் சாக்ஸபோன்காரரும் உடன் இருக்கும்போது அவர்கள் உங்களைத் தடுப்பார்கள், திருப்புவார்கள். தனியாக நிற்கும்போது அந்தத் தடையை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து பாஸ் கலைஞர் பீட்டர் கோவால்ட் செய்ததைப் பாருங்கள். 1995-இல் வந்த அவருடைய 'வாஸ் டா இஸ்ட்' குறுந்தகட்டில் 23 உருப்படிகள். பெரும்பாலும் சிறியவை, தலைப்புக்குப் பதில் எண்கள். நீங்களும் ஒரு உருப்படிக்கு ஒரே வேலை வைத்துக்கொள்ளுங்கள். வில்லின் கட்டைப் பக்கத்தால் தந்தியைத் தட்டுவது மட்டும் ஒன்றில். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு வெகு அருகே வில்லை இழுத்து, கரகரப்புக்குள்ளிருந்து மேல் ஸ்வரங்களைப் பிரித்தெடுப்பது இன்னொன்றில். தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்ஸ் மட்டும் மற்றொன்றில். சலிப்பு வரும். வரட்டும், அதைத் தாண்டியும் இரண்டு நிமிடம் அங்கேயே இருங்கள். கைக்குப் பழக்கமில்லாதது தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

'ஃப்ரீ' என்றால் பிறர் இயற்றியதைத் தொடக்கூடாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் பாஸ் கலைஞர் டேவ் ஹாலண்ட் 1977-இல் ஆஸ்லோவில் பதிந்த 'எமரால்ட் டியர்ஸ்' தனி ஆல்பத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஆண்டனி ப்ராக்ஸ்டனின் படைப்பும் இருக்கிறது, மைல்ஸ் டேவிஸ் பெயரில் வழங்கும் 'சோலார்' என்ற உருப்படியும் இருக்கிறது. பிரான்சின் ஜோயல் லேயாந்த்ர் இன்னொரு திசையில் போனார். வாசித்தபடியே பாடுவார், முணுமுணுப்பார், கத்துவார். இவ்வளவு பெரிய வாத்தியத்தோடு டாக்ஸி பிடிக்கப் படும் பாட்டைக்கூட ஒரு உருப்படியாக்கி, 'டாக்ஸி' என்றே பெயர் வைத்தார். பாஸ்காரர்களுக்கு நகைச்சுவை வராது என்று நினைப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

இனி, அறை. பாஸின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. அங்கே கேட்பவருக்கு எட்டுவது மேல் ஸ்வரங்களும் வில்லின் உரசலும் விரல் தேயும் ஓசையும்தான். அந்த ஓசைகளைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். குதிரைக்கு அருகே ஒரு மைக், அறையின் எதிரொலிக்கென்று தள்ளி இன்னொன்று போதும். கல் கட்டடத்தில் கார்வை நீளும், வேகமாக வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதனால் அறையைத் தேர்ந்தெடுத்த பிறகே வாசிப்பின் வேகத்தை முடிவுசெய்யுங்கள். கம்பளம் விரித்த சிறு அறை என்றால் நிலைமை நேர்மாறு.

ஃபிலிப்ஸ் தம் கடைசித் தனி ஆல்பம் என்று முடிவெடுத்தே 'எண்ட் டு எண்ட்' ஆல்பத்தை 2017 மார்ச்சில் தென் பிரான்சில் பதிந்தார். அப்போது அவருக்கு வயது 82. மூன்று தொகுதிகள், மொத்தம் 13 பகுதிகள். முதல் ஆல்பத்தையும் இதையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள், நல்ல ஸ்பீக்கரில். கேட்டு முடித்தபின் உங்கள் ஒத்திகைப் பதிவைப் போட்டு, எந்த இடத்திலெல்லாம் இடைவெளியை நிரப்பப் பதறியிருக்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள். பதிவுக்கு முந்தைய நாளே பாஸை அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஈரப்பதம் மாறினால் மரமும் மாறும், சுருதியும் நகரும்.