ஆடுவது கேமரா, ஆட்டுவது யார்?

ட்ரோன் வீடியோ ஆடினால் எல்லோரும் முதலில் குறை சொல்வது கேமராவைத் தாங்கும் கிம்பலைத்தான். நாகர்கோவில் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிகள் பலர் “அண்ணே, கிம்பல் போச்சு, புதுசு போட்டுக் குடுங்க” என்று தீர்ப்போடு வருவார்கள். நானும் படம் எடுப்பவன்தான். பழுது பார்ப்பது பக்கத் தொழில். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகங்கள் வரலாம், முழு ட்ரோன் வரக்கூடாது. அதிலிருந்து கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே பாதிப் பிழைப்பாகிவிட்டது. கிம்பல் செட் விலையோ சும்மா மாற்றிப் பார்க்கிற விலையில்லை.

எந்த ஆட்டத்துக்கு யார் பொறுப்பு என்பது தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும். கிம்பலில் மூன்று சிறு மோட்டார்கள். ட்ரோன் சாய்வதையும் திரும்புவதையும் சென்சார் சொல்லச் சொல்ல, அவை கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமன் செய்கின்றன. இதெல்லாம் மெதுவான அசைவுக்குத்தான். ப்ரொபெல்லர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறதென்றால், எடை சரியில்லாத ஒரு பிளேடு விநாடிக்கு 100 தடவை உடலை உதைக்கும். அந்த வேகத்துக்குக் கிம்பல் மோட்டாரால் ஈடு கொடுக்க முடியாது. அதைத் தாங்கத்தான் கேமராத் தட்டுக்கும் உடலுக்கும் நடுவே குட்டி ரப்பர் டேம்பர்கள் இருக்கின்றன. படம் தொட்டில்போல் மெதுவாக ஆடினாலோ, தொடுவானம் சரிந்து நின்றாலோ மோட்டார், சென்சார், காலிபரேஷன் பக்கம் தேடுங்கள். கட்டடத்தின் நேர்க்கோடுகள் நெளிந்து துடித்தால் பெரும்பாலும் ப்ரொபெல்லரும் ரப்பரும்தான்.

இந்த நெளிவைத்தான் ‘ஜெல்லோ’ என்கிறார்கள். சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே அடியாகப் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்கு 1/50 விநாடி எடுத்துக்கொண்டால், 100 ஹெர்ட்ஸ் அதிர்வு அதற்குள் இரண்டு முறை வந்துபோய்விடும்; நேரான தூணில் இரண்டு அலை விழும். எடிட்டிங்கில் ஸ்டெபிலைசேஷன் போட்டால் இது போகாது. ஃப்ரேம் மொத்தமாக நகரவில்லை, உள்ளுக்குள்ளேயே வளைந்திருக்கிறது.

திருப்புளியைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவேன். நான்கு ப்ரொபெல்லரையும் கழற்றிவிட்டு, ட்ரோனைச் சமதளமான மேசையில் வைத்து ஆன் செய்து, எதிரே உள்ள ஜன்னல் கம்பிகளைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வேன். அப்போதே படம் துடித்தால் கோளாறு கிம்பலில். துடிக்காவிட்டால் இப்போதைக்குக் கிம்பலுக்கு விடுதலை. அடுத்து, வெளியே போய்க் காற்றில்லாத இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்திப் பறக்கவிட்டு அதே மாதிரி நேர்க்கோடுகளைப் படம் பிடிக்கலாம்.

மேசைச் சோதனையில் காதுக்கும் வேலை உண்டு. ஆன் செய்ததும் கேட்கும் மெல்லிய ‘உஸ்’ சத்தம் பிரச்சினையில்லை. கேமரா நிலையாக இருக்கும்போதும் ‘விர்ர்ர்’ என்று குளவிபோல் கத்தினால் மோட்டார் எதையோ எதிர்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம். எடுத்துச் செல்லும்போது மாட்டும் கிம்பல் பூட்டைக் கழற்ற மறந்து ஆன் செய்திருக்கலாம். உள்ளே மணல் இருக்கலாம். லென்ஸில் மாட்டிய ஃபில்டர் கனமாக இருக்கலாம். அப்படியே விட்டால் மோட்டார் சூடேறி, திரையில் ஓவர்லோட் எச்சரிக்கை வரும். ‘டக் டக்’ என்று தட்டினால் கிம்பலின் கை எங்கோ இடிக்கிறது. கீழே விழுந்த ட்ரோன்களில் கை வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல் போர்டில் நாமே ட்யூன் செய்கிற பெரிய கிம்பலாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: பி கெய்ன் (மோட்டார் பிழையைத் திருத்தும் வலிமை) அதிகமானாலும் இதே குளவிச் சத்தம்தான். படிப்படியாகக் குறைத்து, சத்தம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிடலாம்.

ஆஃப் செய்துவிட்டுக் கேமராவை விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பதும் முக்கியம். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ‘நறநற’ என்றால் மணல். எங்கள் மாவட்டத்துக்கு இது தனித் தலைவலி. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் உண்டு. வலுவான காந்தத்தை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும். கிம்பல் மோட்டாருக்குள் இருப்பதும் அப்படிப்பட்ட காந்தம்தான். கடற்கரையில் தரையிலிருந்தே கிளப்பினால் ப்ரொபெல்லர் கிளப்பும் மணலை அது இழுத்து வைத்துக்கொள்ளும். விரிப்பு போட்டோ, ட்ரோன் பெட்டியின் மூடிமேல் வைத்தோ கிளப்புங்கள். புகுந்த மணலை ஊதி எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும். பல்குத்தி நுனியில் ஒட்டும் களிமண்ணை வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பது சலிப்பான வேலை, ஆனால் அதுதான் பலிக்கிறது. எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியே பறக்கவிட்டபோது மட்டும் ஜெல்லோ வந்தால் ப்ரொபெல்லரிலிருந்து தொடங்குகிறேன். கண்ணை நம்பாமல் ஒவ்வொரு பிளேடின் முன்விளிம்பிலும் நகத்தை ஓட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத கீறலில் நகம் மாட்டும். மடக்கும் வகையில் திருகு இறுகிப்போனால் பிளேடு முழுதாக விரியாது, எடை ஒரு பக்கம் சாயும். ஒரு பிளேடு போனால் அதை மட்டும் மாற்றுவது மிச்சம்போலத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், ஒரே பொட்டலத்து ஜோடியாக மாற்றுங்கள். எந்தக் கை குற்றவாளி என்று தெரியாதபோது ஒவ்வொரு மோட்டாரின் ப்ரொபெல்லராக மாற்றி, இடையிடையே பறக்கவிட்டுப் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் படம் சரியாகும், காரணம் தெரியாது.

அடுத்தது ரப்பர். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் ட்ரோனில் டேம்பர் சீக்கிரம் இறுகிவிடும். எல்லாவற்றையும் விரலால் அழுத்தி ஒப்பிட்டாலே தெரியும். விழுந்தபின் பெரும்பாலும் நடப்பது, ஒரு டேம்பரின் தலை துளையிலிருந்து பாதி வெளியே வந்து நிற்பது. சாமணத்தால் இழுத்துவிட்டால் முடிந்தது. இதற்காகக் கிம்பல் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கொடுமை, அது கழலக்கூடாதென்று பசை போட்டு ஒட்டுவது. பசை காய்ந்ததும் ரப்பர் கல்லாகிவிடும், உடலின் அதிர்வெல்லாம் நேராகக் கேமராவுக்குப் போகும். இறுக்கிக் கட்டிய கேபிளோ, தட்டுக்கிடையில் சிக்கிய சேறோகூட அதே வேலையைச் செய்யும். ரொம்ப மெத்தென்ற ரப்பரும் உதவாது. திரும்பும்போது கேமரா தொங்கி உடலில் முட்டும்.

மதிய வெயிலில் ஷட்டர் 1/2000 என்று ஓடும்போது சின்ன அதிர்வும் கூர்மையாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 1/50-க்கு இறக்கினால் அது மங்கலில் கரைந்துவிடும். ஃபில்டர் நோயை மறைக்கிறது, தீர்ப்பதில்லை. அந்த மாடலுக்கென்றே செய்த எடை குறைந்த ஃபில்டராகவும் இருக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் நிற்கிற இடத்தில் எடுத்த வீடியோ வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் எதையும் கழற்ற வேண்டாம். கணவாய்க் காற்றை எதிர்த்து நிற்க ட்ரோன் அதிகம் சாய்கிறது, கிம்பல் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. காற்று அடங்கிய காலையில் போய் எடுங்கள்.

கேமரா குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் வெட்டி இழுத்தால் பெரும்பாலும் ரிப்பன் கேபிளில் விரிசல் இருக்கும். அப்போதுதான் கிம்பலைப் பிரிக்க நியாயம் உண்டு. கேபிள் தனியாகக் கிடைக்கும். பிரிக்கும் முன் அது எப்படி மடிந்து போகிறதென்று போட்டோ எடுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே தாளில் ஒட்டி வையுங்கள், நீளம் ஒன்றுக்கொன்று மாறும். மூடியபின் சமதளத்தில் காலிபரேஷன் போட்டு, மறுபடியும் ஜன்னல் கம்பிச் சோதனை. கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்குவதெல்லாம் அந்த வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான்.