ஜர்னலுக்குக் கட்டிய பணம்

திருச்சியில் ஆடிட்டராக இருப்பவனுக்குக் கல்லூரி ஆசிரியர்களின் ரிட்டர்ன் குறையவே குறையாது. ஃபாரம் 16 கைக்கு வந்ததும் வரத் தொடங்குவார்கள். வீட்டுக் கடன், எல்ஐசி, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு பையின் அடியிலிருந்து இன்னொரு கத்தை ரசீது வெளியே வரும். அறிவியல் சங்கத்தின் ஆயுள் சந்தா, ஜர்னல் சந்தா, கட்டுரை வெளியிடக் கட்டிய கட்டணம். "ஆடிட்டர் சார், இது லாபநோக்கம் இல்லாத அமைப்பு. ரசீதிலேயே 80ஜி நம்பர் போட்டிருக்காங்க பாருங்க."

நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவின் நம்பர் இருப்பது உண்மைதான். பல சங்கங்கள் எல்லா வரவுக்கும் ஒரே ரசீதுப் புத்தகம்தான் வைத்திருக்கும். நன்கொடை வந்தாலும் சந்தா வந்தாலும் அடியில் அதே 80ஜி நம்பர் அச்சாகியிருக்கும். அது சங்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம். நீங்கள் கட்டியது நன்கொடை என்று அது சொல்லவில்லை. சந்தா கட்டினால் இதழ் வருகிறது, மாநாட்டில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. கட்டுரைக் கட்டணம் கட்டினால் கட்டுரை வெளியாகிறது. பணத்துக்கு ஈடாக ஒன்றை வாங்கிக்கொண்ட பிறகு 80ஜி பேச முடியாது. ரசீதில் 18% ஜிஎஸ்டி ஏறியிருந்தால் அதற்குமேல் விவாதமே வேண்டாம். நன்கொடைக்கு யாரும் ஜிஎஸ்டி போடுவதில்லை.

ரசீதைவிட நம்பகமான சோதனை ஃபாரம் 10பிஇ. உண்மையான நன்கொடை என்றால், சங்கம் உங்கள் பான் எண்ணோடு அதை வருமான வரித் துறையிடம் பதிவு செய்து, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அந்தச் சான்றிதழைத் தர வேண்டும். சந்தாவுக்கு அது வராது. சங்கச் செயலாளரிடம் "10பிஇ தருவீங்களா?" என்று ஒரு மெயில் போடுங்கள். வரும் பதிலிலேயே கட்டியது எதுவென்று தெரிந்துவிடும். நிஜமாகவே நன்கொடை தர நினைத்தால் வங்கி வழியாகத் தாருங்கள்; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவு கிடையாது.

அப்படித் தந்தாலும் எவ்வளவு மிச்சம்? பெரும்பாலான சங்கங்களுக்குத் தருவதில் வருமானத்தின் 10% வரைதான் கணக்கில் வரும், அதிலும் பாதித்தொகைதான் கழியும். 20% அடுக்கில் இருப்பவர் 20,000 ரூபாய் தந்தால் 10,000 கழியும். செஸ்ஸையும் சேர்த்து வரியில் குறைவது 2,080 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பாக வருகிறது. அதில் 80ஜி கிடையாது. என்னிடம் வரும் ஆசிரியர்களில் பலர் புதிய முறைக்குப் போய்விட்டவர்கள். அவர்களோடு இந்த ரசீதைப் பற்றிப் பேசுவதே வெறும் பேச்சு.

வெளிநாட்டு அமைப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவின் பிளாஸ் லாபநோக்கமற்ற பதிப்பகம்தான். ஆனால் 80ஜி கணக்கில் வர, இங்கே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கே பெற்ற வரிவிலக்கு நமக்கு உதவாது. அமெரிக்காவில் வரி கட்டுபவருக்குக்கூட, பிளாஸுக்கு நன்கொடை தந்தால்தான் அந்தக் கழிவு. கட்டுரை வெளியிடக் கட்டிய கட்டணம் அங்கேயும் தருமம் ஆகாது.

பதிப்பகம் என்றாலே கல்விப்பணி, ஆகவே வரிச்சலுகை என்ற நினைப்பு பதிப்பகங்களுக்கே எல்லா நேரமும் பலிப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், தான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அங்கம், எனவே இந்திய வருமானத்துக்கு விலக்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-ல் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் மறுத்துவிட்டது. இந்தியாவில் அது செய்தது புத்தகம் வெளியிட்டு விற்ற வேலை. இங்கே அது பல்கலைக்கழகமாக இயங்கவில்லை என்பதுதான் காரணம்.

சரி, நன்கொடை இல்லை. தொழில் செலவாகக் காட்டலாமா? இங்கே ஆளைப் பொறுத்து விடை மாறும். சொந்தமாகத் தொழில் நடத்தும் டாக்டர், கன்சல்டன்ட் இன்ஜினியர் போன்றவர்கள் தொழிலுக்காகவே கட்டிய சந்தாவையும் வெளியீட்டுக் கட்டணத்தையும் 37(1) பிரிவின்கீழ் செலவாகக் கழிக்கலாம். முழுத்தொகையும் கழியும், புதிய வரிமுறையிலும் கழியும். பதிப்பகம் லாபநோக்கம் உள்ளதா இல்லாததா என்பது இங்கே பொருட்டே இல்லை. லாபநோக்கமுள்ள எல்சவியருக்குக் கட்டினாலும் இதே கணக்கு. ஒரு எச்சரிக்கை: 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் மீதிப் பாதியில் அடக்கம்.

மாதச் சம்பளக்காரருக்குத்தான் வழி அடைபட்டுவிடுகிறது. நிலைக்கழிவாகப் பழைய முறையில் 50,000, புதிய முறையில் 75,000 ரூபாய் கழியும். புத்தகம், சந்தா, கட்டுரைக் கட்டணம் என்று தனியாக எதுவும் கிடையாது. பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்பது நிர்வாகம், பணம் போவது ஆசிரியரின் பையிலிருந்து, சட்டம் அதைச் சொந்தச் செலவாகப் பார்க்கிறது. இது நியாயமில்லை என்பது என் கட்சி. ஆனால் என் கட்சியை ரிட்டர்னில் எழுத முடியாது. இல்லாத நன்கொடையைக் காட்டி மாட்டினால், தவறான தகவல் என்று ஏய்த்த வரியைப்போல் இருமடங்கு அபராதம் வரலாம்.

பலரும் கவனிக்காத ஒரு சந்து உண்டு. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஆய்வை ஊக்குவிக்கவென்றே நிர்வாகம் தரும் படிக்கு, அந்த வேலைக்குச் செலவழித்த அளவுக்கு, 10(14) பிரிவிலும் 2பிபி விதியிலும் வரிவிலக்கு இருக்கிறது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கல்லூரி சம்பளத்தை மொத்தமாகத் தருவதற்குப் பதில் ஒரு பகுதியை ஆராய்ச்சிப் படி என்று பிரித்துத் தந்தால், சந்தா ரசீதுக்கும் கட்டுரைக் கட்டண பில்லுக்கும் அப்போதுதான் மதிப்பு வரும். அதை வருடத் தொடக்கத்திலேயே சம்பளப் பிரிவில் பேச வேண்டும். ஜூலையில் என்னிடம் வந்து பேசிப் பயனில்லை. (இங்கே நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்குரிய 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.)

எல்லாவற்றையும்விட எளிய வழி, பில்லை உங்கள் பெயரில் வாங்காமல் இருப்பது. ஆராய்ச்சித் திட்ட நிதியிலோ கல்லூரியின் ஆய்வு நிதியிலோ கட்டுரைக் கட்டணத்துக்கு இடமிருந்தால், நிறுவனத்தின் பெயரில் இன்வாய்ஸ் கேளுங்கள், நிறுவனமே நேரடியாகக் கட்டட்டும். கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் பலர் அன்று இரவே சொந்தக் கார்டைத் தேய்த்துவிடுகிறார்கள். அதன்பிறகு பெயரை மாற்றித் தரச் சொன்னால் பதிப்பகத்தார் சம்மதிப்பது அரிது.