அச்சுக்கட்டை ஸ்டோல்: எதை வாங்கலாம்?

புடவையில் அச்சின் பின்புறம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஸ்டோல் அப்படியல்ல. சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள அந்தத் துணி கழுத்தைச் சுற்றி, தோளில் மடிந்து, நுனி புரண்டு தொங்கும்போது உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்தே தெரியும். அச்சுக்கட்டையால் பதித்து இயற்கைச் சாயம் ஏற்றிய பருத்தி ஸ்டோலை வாங்குபவர் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பூவேலைப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் முதலிடம் குஜராத்தின் கட்ச் பகுதி அஜ்ரக்குக்கு. உயர்ரக அஜ்ரக் இருபுறமும் அச்சிடப்படுகிறது. ஒரு பக்கத்தில் பதித்த கோலத்துக்கு நேராக மறுபக்கத்திலும் அதே கோலம் விழ வேண்டும். கட்டை இம்மி விலகினாலும் மெல்லிய துணியில் கோடு இரட்டையாகத் தெரிந்துவிடும். வேலையும் நீளமானது. துணியை ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து அலசி, கடுக்காய் நீரில் தோய்க்கிறார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பால் மூடுகிறார்கள். வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு நீர் கறுப்பைத் தரும். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரம் பதிக்கப்படும். பிறகு அவுரித் தொட்டி, கடைசியில் கொதிக்கும் செஞ்சாயம். மொத்தம் 14 முதல் 16 படிகள் என்பார்கள். முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தண்ணீரும் இதில் ஒரு மூலப்பொருள்தான். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா ஊரின் நீரில் இரும்பு கூடிச் சாயம் கெட்டதால், அஜ்ரக் அச்சிடும் கத்ரி சமூகக் குடும்பங்கள் பல புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறின. ஒருபுற அஜ்ரக்கும் விற்பனையில் உண்டு, விலையும் குறைவு. இருபுற அஜ்ரக்கின் விலையை அதற்குக் கொடுத்துவிடாமல் இருக்க, கடையிலேயே துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலுள்ள பாக் ஊரின் அச்சுக்காரர்களும் சிந்துவிலிருந்து வந்த கத்ரிகளே. ஆனால் துணியின் முகம் வேறு: வெண்ணிறத் தரையில் சிவப்பும் கறுப்பும். அச்சிட்ட துணியை ஓடும் ஆற்றுநீரில் அலசி, செஞ்சாயத்தோடு தாவடிப் பூ சேர்த்துச் செம்புக் கொப்பரையில் கொதிக்கவைப்பதால் சிவப்பு துலக்கமாக எழும். வெள்ளைச் சட்டைக்கு மேல் பளிச்சென்று போட விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெண்தரை சீக்கிரம் அழுக்குக் காட்டும் என்பது மட்டுமே குறை.

ஜெய்ப்பூர் அருகிலுள்ள பக்ரூவில் தரை வெள்ளையாக இராது. கடுக்காயில் தோய்ந்து சந்தன மஞ்சளாக இருக்கும். சீப்பா சமூகத்தார் அதன் மேல் கறுப்பும் செம்பழுப்பும் பதிக்கிறார்கள். அதே ஊரின் தாபு முறையில் களிமண், சுண்ணாம்பு, பிசின், பூச்சி அரித்த கோதுமைத் தூள் ஆகியவற்றைக் குழைத்த சேற்றால் கோலம் பதித்து, துணியை அவுரியில் முக்குவார்கள். சேறு வெடித்த இடங்களில் நீலம் நரம்பு நரம்பாக இறங்கும். துணி முழுவதும் சாயத்தில் மூழ்குவதால் தாபுவின் பின்புறம் ஒருபோதும் வெறுமையாக வெளிறித் தெரியாது. இருபுற அஜ்ரக்குக்குச் செலவழிக்க மனமில்லாதவர் தாபுவை எடுக்கலாம். அதிகம் பேசப்படாத நல்ல தேர்வு இது.

ஆந்திராவின் மசூலிப்பட்டினம் கலம்காரி, அருகிலுள்ள பெடனாவில் அச்சுக்கட்டையால் ஆவது. எழுதுகோலால் வரையப்படும் காளஹஸ்தி வேலை தனி வகை. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பதால் அச்சு பரவாமல் நிற்கிறது. ஒரு காலத்தில் இதன் சிவப்பு, சோழமண்டலக் கரையில் தோண்டிய சாயவேரிலிருந்து வந்தது. கொடியும் மயிலும் நிறைந்த பெரிய கோலங்கள் படுக்கை விரிப்பிலும் புடவையிலும் விரிந்து நிற்கும். ஸ்டோலின் குறுகிய அகலத்தில் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். கலம்காரிதான் வேண்டுமென்றால் சிறு புட்டா போட்டதே ஏற்றது. சங்கானேர் ஊரின் நுண்ணிய பூக்கள் அழகானவை. ஆனால் இன்று பெரும்பாலும் ரசாயன நிறத்தில் அச்சாவதால் இயற்கைச் சாயம் தேடுபவருக்கு உதவாது.

துணியின் கனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெல்லிய மல் துணியில் ஒருபுற அச்சே ஊடுருவி மறுபுறம் தெரியும். அங்கே இருபுற வேலைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பயனில்லை. கனத்த கதரிலோ கேம்ப்ரிக்கிலோதான் அந்த வேறுபாடு துலங்கும்.

'இயற்கைச் சாயம்' என்ற சீட்டை அப்படியே நம்பக் கூடாது. செவ்வேர்களின் சாயப்பொருளான அலிசரின் 1868இலேயே செயற்கையாக உருவாக்கப்பட்டது. ஆலையில் செய்த நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. மூலக்கூறு அளவில் இலையில் எடுத்த நீலமும் ஆலை நீலமும் ஒன்றே என்பதால் வீட்டுச் சோதனை எதுவும் பிரித்துக் காட்டாது. மேற்சொன்ன ஊர்களிலும் இன்றைய சிவப்பு பெரும்பாலும் ஆலை அலிசரின்தான். விற்பவரிடம் நேரடியாகக் கேட்பதே வழி. கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்பதற்கு மட்டுமே சான்று. சாயத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கையச்சா என்பதை மட்டும் கண்ணால் கண்டுபிடிக்கலாம். கட்டைகள் சேரும் இடத்தில் சிறு இடைவெளியோ மேற்படிவோ இருக்கும். அது இடத்துக்கு இடம் மாறும். ஒரே பிசகு சம தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது திரை அச்சு. நிறம் பசைபோல் மேலே படிந்து விறைப்பாக இருந்து, மெல்லிய துணியிலும் பின்புறம் வெள்ளையாகவே நின்றால் அது பிக்மென்ட் அச்சு.

மஞ்சள் கிழங்கால் ஏற்றிய மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். மாதுளைத் தோலின் மஞ்சள் அதைவிட நீடிக்கும். இரும்புக் கறுப்பு அடர்த்தியாக உள்ள இடத்தில்தான் பல வருடம் கழித்து நூல் இற்றுப்போகும். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்தக் கறுப்பு வெளிறும். படிகாரத்தோடு கொதித்த சிவப்பு கசியக் கூடாது, கசிந்தால் வேலை சரியில்லை. புது அவுரி மட்டும் விதிவிலக்கு: இழையின் மேல் ஒட்டிய உபரி நீலம் சில அலசல்வரை கையிலும் காலரிலும் ஒட்டும். கல்லுப்பு நீரில் ஊறவைத்தாலும் அது நிற்காது. பூந்திக்கொட்டை நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தி வந்தால், உபரி போய்த் தானாகவே நின்றுவிடும்.