புயல் காலத்திலும் பால் சங்கம் இயங்க வழி

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. விழுந்த மரங்களால் சாலைகள் அடைபட்டன. உட்கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

புயல் அடித்த மறுநாளும் கறவை மாட்டைக் கறந்தே ஆக வேண்டும். கறக்காமல் விட்டால் மடி கட்டும், மடிநோய்க்கும் இடமுண்டு. தென்னங்கன்று வைத்துக் காய் பறிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பெரிய உதவுவது பால் பணமே. ஆகவே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் புயலுக்கு முன்பே திட்டம் வகுத்துக்கொள்வது அவசியம்.

குளிர்விப்பு

கறந்த பால் சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். அதை 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்விக்க வேண்டும். ஜெனரேட்டரை வெள்ளம் ஏறாத மேடையில், காற்றோட்டமான இடத்தில் அமைக்கவும். மூன்று நாளுக்கான டீசலைப் பாதுகாப்பாக இருப்பு வைக்கவும். ஜெனரேட்டர் மின்சாரம் வெளிக்கம்பியில் பாயாதபடி மாற்றுச் சுவிட்சு இருப்பது கட்டாயம். இல்லையேல் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் நின்றால் குளிர்விப்புத் தொட்டியின் மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது. குளிர்ந்த பாலில் புதுப்பாலை ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்து கெடும்.

கணக்கு

எவர் எவ்வளவு பால் ஊற்றினார் என்ற கணக்கு அழிந்தால் உறுப்பினர் பணமும் அதோடு போகும். கணினியில் பதிவதன் நகலை வாரம் ஒரு முறை எடுத்தால், ஒரு வாரக் கணக்கை இழக்க நேரிடலாம். தினமும் எடுத்தால் இழப்பு ஒரு நாளோடு நிற்கும். நகலை அதே கட்டடத்தில் வைப்பதில் பயனில்லை. வேறு ஊரில் வைக்கவும். மின்சாரம் இல்லாத நாளுக்கென அச்சிட்ட பேரேடு, பால்மானி, கையால் சுற்றும் கொழுப்புப் பரிசோதனைக் கருவி ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நலம்.

மாற்று ஏற்பாடு

பால் வண்டி வர மாற்றுப் பாதையைக் குறித்து வைக்கவும். பக்கத்துச் சங்கத்துடன் பேசி, ஒருவர் பாலை மற்றவர் குளிர்விக்க முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றலாம். வண்டி வராவிட்டால் பாலை உடனே காய்ச்சி நிவாரண முகாமுக்குத் தரலாம். தயிராகவோ நெய்யாகவோ மாற்றலாம். செயலாளர் வர இயலாதபோது சாவியும் பொறுப்பும் யாரிடம் என்பதையும் எழுதி ஒட்டவும்.

ஒத்திகை

ஏட்டில் உள்ள திட்டம் மட்டும் போதாது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு வேளை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பால் கொள்முதல் முழுவதையும் நடத்திப் பார்க்கவும். ஓடாத ஜெனரேட்டரும் கிடைக்காத சாவியும் அன்றே தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்குள் சரிசெய்துகொள்ளலாம்.